அக்கா கையெழுத்துப் போடமாட்டாள்

ஊர் வீட்டை விற்க வேண்டும். அக்காவின் கையெழுத்துக்காகத் தம்பி பத்திரத்தோடு வந்திருக்கிறான். விளையாடுபவர்தான் தம்பி. நான் எழுதிவரும் ஊடாடும் கதையில், அதாவது படிப்பவரே திரையில் தேர்வுகளைத் தொட்டு நடத்திச் செல்லும் கதையில், நிகழ்ச்சி என்று பார்த்தால் இவ்வளவுதான். கூடத்துக் காட்சி ஒருவழியாக முடிந்துவிட்டது.

எழுதுவது இங்க் என்ற நிரல்மொழியில். ‘80 டேஸ்’ விளையாட்டை 2014இல் வெளியிட்ட இங்கிலாந்து நிறுவனமான இங்கிள், தன் சொந்தப் பயன்பாட்டில் இருந்த இந்த மொழியை 2016இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கான எழுதுசெயலியில் இடப்பக்கம் எழுத எழுத, வலப்பக்கம் கதை ஓடும். தமிழில் அடித்தாலும் முரண்டு பிடிப்பதில்லை.

ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி என்று பத்துத் திருப்பம் வைத்தால் 1024 முடிவுகள் எழுத வேண்டும். வேலைக்குப் போகிறவனுக்கு அது ஆகிற காரியமில்லை. ஆகிற காரியமென்றாலும் செய்திருக்க மாட்டேன். இந்த அக்காவை எனக்குத் தெரியும், அவள் போடமாட்டாள். எனவே முடிவு என் கையில், கேட்கும் விதம் விளையாடுபவர் கையில் என்று பிரித்துக்கொண்டேன்.

‘பத்திரத்தை நீட்டு’ என்ற தேர்வுக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால், ஒருமுறை தொட்டதும் அது மறைந்துவிடும். கூட்டல் குறி போட்டால் நிற்கும். கூட்டல் குறிதான் போட்டேன். பிடிவாதம் பிடிக்க விளையாடுபவருக்கும் உரிமை உண்டல்லவா? முதல் முறை அக்கா, “சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்” என்கிறாள். இரண்டாம் முறை, “கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன்டா.” கண்ணாடி அவள் நெற்றிக்கு மேலேயே இருக்கிறது. மூன்றாம் முறை, “அப்பா காரியத்துக்கும் இதே பையோடுதான் வந்தாய்.” அதற்குப் பிறகு எத்தனை முறை நீட்டினாலும் இதே வரிதான்.

ஒரு பகுதிக்குள் விளையாடுபவர் எத்தனை முறை நுழைந்தார் என்பதை இங்க் தானே எண்ணி வைத்துக்கொள்கிறது. அதனால் ஒரு வேலை சுலபமாயிற்று. பத்திரத்தை எடுக்காமலே கிணற்றடிக்குப் போகிறவரிடம், அந்த வீட்டை ஏன் விடமுடியாது என்று அக்கா தானாகவே சொல்வாள். நச்சரித்தவர்களுக்கு அந்தப் பேச்சு கடைசிவரை கிடைக்காது.

விளையாடிப் பார்த்த நண்பனுக்குக் கோபம். “வழி இருப்பதுபோல் காட்டி ஏமாற்றுகிறாய்” என்றான். ஆடம் கேட்ரே எழுதிய ‘ஃபோட்டோபியா’ என்ற ஊடாடும் கதையில் என்ன செய்தாலும் அதில் வரும் சிறுமியைக் காப்பாற்ற முடியாது, 1998இல் ஊடாடும் புனைவுப் போட்டியில் முதலிடம் பெற்றதே அதுதான் என்றேன். அவன் மசியவில்லை. திரையில் இருந்த ஒரு தேர்வைத் தொட்டுக் காட்டினான்: ‘அக்காவைச் சம்மதிக்க வை’. நியாயமான குற்றச்சாட்டு. சம்மதம் அக்காவுடையது, அதைத் தருவதாகத் தேர்விலேயே வாக்குக் கொடுத்தால் அது மோசடிதான். இப்போது அந்த இடத்தில் ‘ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்’ என்று இருக்கிறது. தம்பியால் அதைச் செய்யமுடியும், செய்தால் அக்கா முகம் மாறும். மற்றத் தேர்வுகளையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்ததில் பாதி அடிபட்டுப் போயின.

பின்வாங்கும் பொத்தான் வைப்பதா என்பதில்தான் இன்னும் இழுபறி. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் வசதி இந்தக் கதைக்கு ஆகாது என்பது என் கட்சி. கை தவறித் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்கிறான் நண்பன். கைபேசியில் பொத்தான்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன். அடுத்தது கிணற்றடிக் காட்சி.