ரதத்தோடு பத்துமலைக்கு

தைப்பூசத்துக்கு முருகன் ரதத்தோடு பத்துமலைக்கு நடக்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது தூரத்தைத்தான். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து 15 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். தனியாக நடந்தால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம். ரதத்தோடு போனால் இரவு முழுக்க நடந்து, மறுநாள் வெயில் ஏறிய பிறகும் சாலையில்தான் இருப்போம். இந்த நடையில் கஷ்டமே அந்த மெதுவான வேகம்தான். நடக்கிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம், அதற்குத்தான் உடம்பைப் பழக்க வேண்டும்.

விரதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் 48 நாள் என்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அவரவரால் முடிந்த அளவுக்கு இருக்கிறார்கள். ஆனால் விரதம் தொடங்கிய அன்றே கால்களையும் தயார் செய்ய ஆரம்பித்துவிடுங்கள். எங்கள் அத்தை பல வருடமாக ரதத்தோடு நடப்பவர். "சாமி பார்த்துக்கும்னு வீட்ல உக்காந்திருக்காதம்மா, உள்ளங்காலு தாரு ரோட்டுக்குப் பழகணும்" என்றார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஃபிளாட்டைச் சுற்றி வெறுங்காலோடு நடந்தேன். அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், இரவில் ரதம் கோயிலை விட்டுக் கிளம்பும். 1873-இல் தம்புசாமி பிள்ளை தொடங்கிய கோயில் அது. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. ரதம் கிளம்பும் அன்று மதியமே கொஞ்சம் தூங்கிவிடுவது நல்லது. கிளம்பிய பிறகு உட்காரக்கூட இடம் கிடைக்காது.

ரதம் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது பக்கத்தில் நடக்கும்போதுதான் புரியும். சாலையோரம் நெடுகக் குடும்பம் குடும்பமாக அர்ச்சனைத் தட்டோடு காத்திருக்கிறார்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, சூடம் வைத்த தட்டுகள் கை மாறிக் கை மாறி மேலே போய், திருநீற்றோடு திரும்பி வருகின்றன. பிள்ளைகளையும் அப்படியே தூக்கிக் கொடுக்கிறார்கள். ஓர் இளம் தாய் கைக்குழந்தையை மேலே நீட்டினார். குருக்கள் வாங்கி, நெற்றியில் திருநீறு பூசிக் கீழே கொடுத்தார். குழந்தை விழித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தாய் என் பக்கம் திரும்பி, "எட்டு மணியிலேர்ந்து நிக்கிறோம்கா" என்றார். அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ரதம் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்று அதற்கப்புறம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஜாலான் ஈப்போவில் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசையாக வரும். மோர், மைலோ, சுண்டல், எலுமிச்சை சாதம், சைவ நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, ஆனால் வயிறு நிறைய சாப்பிட்டால் விடியற்காலையில் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வரும். உப்புப் போட்ட மோர்தான் கடைசி வரைக்கும் தாங்கும். வீட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துப் போங்கள். காலடியில் நசுங்கிக் கிடக்கிற பிளாஸ்டிக் கப்புகள் வெறுங்காலுக்குப் பெரிய தொல்லை. பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வழியில் பெட்ரோல் நிலையம் கண்ணில் பட்டால், அவசரம் இல்லாவிட்டாலும் கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது சிதறு தேங்காய் உடைக்கிற இடங்களில்தான். ஓட்டின் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி கிழிக்கும். தேங்காய்த் தண்ணீரில் நனைந்த சாலை வேறு வழுக்கும். அத்தை அங்கே பாதத்தைத் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தார். சில்லு இருந்தால் பாதம் அதைத் தள்ளிவிடும், அதன் மேல் ஏறாது. நானும் அப்படியே நடந்தேன். துடைப்பமும் மண்வெட்டியுமாக ஓட்டை ஒதுக்கிக்கொண்டே போகிறார்கள் சில தம்பிகள். அவர்கள் பெருக்கிய பக்கமாகவே போவது நல்லது.

வெயில் ஏறினால் தார் சுட ஆரம்பிக்கும். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் நடங்கள், அங்கே சூடு குறைவு. கடை வாசலில் நிற்பவர்கள் ரப்பர் குழாயால் சாலையை நனைத்துவிடுவார்கள், கேட்டால் காலிலும் ஊற்றுவார்கள். கடைசிப் பகுதியில் உறுமிச் சத்தமும் "வேல் வேல்" முழக்கமும்தான் எங்களை இழுத்துக்கொண்டு போயின. 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைக் கண்டதும் வந்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் அதற்கப்புறமும் வெகு நேரம் ஆகும்.

நடந்து சேர்ந்த அன்றே பால்குடம் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 272 படி செங்குத்து, குகைக்குள் போன பிறகும் உள் சன்னதிக்கு இன்னும் படி இருக்கிறது. இரவெல்லாம் நின்ற முழங்கால் நடுங்கும்போது தலையில் குடம் இருந்தால், நமக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. நான் கொம்யூட்டர் ரயிலில் வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்து, பூசத்தன்று அதிகாலை பத்துமலைப் பக்கம் ஓடும் சுங்கை பத்து ஆற்றில் குளித்துக் குடம் எடுத்தேன். அத்தை இதை ஒத்துக்கொள்ள மாட்டார். நடந்த காலோடு ஏறினால்தான் அவருக்கு நேர்த்திக்கடன் தீரும். அன்றே ஏறி, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்.