ஐயாவின் சங்ககிரி

நம் வரலாற்று ஐயா மறைந்த செய்தி சென்ற ஐப்பசியில் வந்தபோது, நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு முழுவதும் நண்பர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். துபாயிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் எழுதியவர்களில் பெரும்பாலோர் நினைவுகூர்ந்தது அவருடைய வகுப்பறையை அல்ல, அவர் நம்மை அழைத்துப்போன சங்ககிரி மலைக்கோட்டையைத்தான். இவ்வாண்டு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அவரைப் பற்றி எழுதுவதும் அந்தக் கோட்டையைப் பற்றி எழுதுவதும் எனக்கு ஒன்றுதான்.

பத்தாம் வகுப்பு, பொங்கல் விடுமுறை கழிந்த முதல் சனிக்கிழமை, சேலம் ஜங்ஷன், ஈரோடு பாசஞ்சர். யார் எந்தப் பொட்டலம் கொண்டுவருவது, கடைசியாக ஏறுவது யார் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையடிவாரத்தில் முதல் வாயிலுக்கு வெளியே நம்மை நிறுத்தி ஐயா சொல்லும் வாசகமும் உங்களுக்கு நினைவிருக்கும்: "தம்பிகளா, கோட்டைக்குள் போனதும் சுவரைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்."

பதினைந்தாம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியில் எழுந்த கோட்டை அது. மலையின் ஒரு பக்கத்தில்தான் ஏற முடியும். மற்றப் பக்கங்கள் செங்குத்தான பாறை. அந்த ஒரே வழியின் குறுக்கே மதிலுக்குப் பின் மதிலாக, வாயிலுக்கு மேல் வாயிலாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஐயா நம்மை உட்காரவைப்பார். கீழே வெறும் பாறை எங்கே முடிந்து மனிதன் அடுக்கிய கல் எங்கே தொடங்குகிறது, எந்த வரிசை வரை கல், எங்கிருந்து செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்வார். எல்லா மதிலும் ஒரே காலத்தவை அல்ல என்பதையும், கடைசியாக மதில் சேர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதையும் அவர் வாய்ப்பாடாகச் சொல்லித் தரவில்லை. கல்லைத் தடவித்தான் நாம் கற்றோம். பிறகு பாறைச் சுனைகளைத் தேடச் சொல்வார். மழைநீர் எந்தச் சரிவில் இறங்கி எங்கே தேங்குகிறது என்பதைக் கண்டுபிடித்து வந்தவனுக்குத்தான் முதல் தட்டுவடை செட்.

தண்ணீருக்கு அடுத்தபடி அவர் காட்டுவது தானியக் கிடங்கு. மரணக் கிணற்றையும் நிலவறைச் சிறையையும் பார்க்கத்தான் நமக்கு ஆவல். அவரோ அந்தக் கிடங்கின் நிழலில்தான் வெகுநேரம் நிற்பார். கொங்கு நாட்டு வரிப்பொருள் வந்து சேர்ந்த மலை இது என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும் என்பது அவர் கருத்து. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் அதற்கு வடக்கே கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலும் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போயின. கோயம்புத்தூர்ச் சீமையோ 1799இல் திப்பு வீழும் வரை மைசூரோடுதான் இருந்தது. அந்த ஏழு ஆண்டுகள் காவிரியே எல்லை. அந்த எல்லையைப் பார்த்தபடி நின்ற மலையில் இருந்துகொண்டு அவர் மேற்கே கைநீட்டும்போது, பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துபோன உடன்படிக்கை நம் கண்முன் ஆறாக ஓடியது. அலெக்சாண்டர் ரீடு கலெக்டராகவும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ உதவியாளராகவும் நம் மாவட்டத்து வயல்களை அளந்ததும் அதே ஆண்டுகளில்தான். உழவனிடமிருந்தே நேராக நிலவரி வாங்கும், பின்னாளில் சென்னை மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறையை மன்றோ பழகியது இந்த மண்ணில் என்பதைச் சொல்லிவிட்டு, நம்மில் யாருடைய வீட்டில் பட்டா இருக்கிறது என்று கேட்பார். ஓமலூர்ப் பக்கத்துப் பையன்கள் கையை உயர்த்துவார்கள். உன் தாத்தா கட்டிய கிஸ்தியும் இங்கிருந்து தொடங்கிய கணக்குத்தான் என்பார். வரலாறு ராஜாக்களுடையது என்ற எண்ணம் என்னிடமிருந்து விலகியது அந்த இடத்தில்தான்.

தீரன் சின்னமலையைப் பற்றி அவர் ஏறும்போது பேசமாட்டார், இறங்கும்போதுதான் சொல்வார். 1801இல் காவிரிக் கரையிலும் 1802இல் ஓடாநிலையிலும் 1804இல் அரச்சலூரிலும் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றவரை, 1805 ஜூலை 31 அன்று தம்பியரோடு இந்த மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கு அன்று இங்கே கூடும் கூட்டம் அதற்காகத்தான். ஊர் ஓடாநிலையாக இருக்க, இவ்வளவு தூரம் கொண்டுவந்து ஏன் இந்த மலையில் தூக்கிலிட வேண்டும் என்று ஐயா கேட்பார், நாம் விழிப்போம். வரி எங்கே போய்ச் சேர்கிறது என்று கொங்கு நாடு முழுவதற்கும் தெரிந்த இடம் இதுதானே என்பதே அவருடைய விடை. மைசூருக்குப் போன வரிப்பணத்தைத் தடுத்துப் பறித்து, சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் இடையே ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல் என்று அந்த இளைஞர் சொல்லியனுப்பிய கதையை அப்போதுதான் சொல்வார். கிடங்கின் நிழலில் அவர் அவ்வளவு நேரம் நின்ற காரணம், கீழ் வாயிலை நெருங்கும்போது நமக்குப் புரியும்.

இந்தத் தை மாதம் மறுபடியும் ஏறினேன். இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. மேல் மதில் ஒன்றில் அரசமரத்து வேர் கற்களின் நடுவே இறங்கியிருக்கிறது. காரை பூசிய இடங்களில் எல்லாம் யார் யாரோ தங்கள் பெயர்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வயிறு எரிந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் பாதி மலை வரை தொடர்ந்தது. அதற்கு மேலே காற்று மட்டும்தான். பெருமாள் கோயிலையும் தர்காவையும் கடந்து உச்சிக்குப் போய் நின்றபோது தெற்கே திருச்செங்கோட்டு மலை துலங்கத் தெரிந்தது, வடகிழக்கே சேர்வராயன் மலை பனிமூட்டத்தில் கோடாகத் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுனை எங்கே என்று அவர்களிடம் கேட்டேன். ஒரு சிறுமி ஓடிப்போய்த் தேடி, கண்டுபிடித்துக் கூவினாள்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஐயா என்னைக் கூப்பிட்டு, இந்தக் கோட்டையின் ஒவ்வொரு வாயிலையும் அளந்து வரைபடம் போட வேண்டும், உனக்குத்தான் வரையத் தெரியுமே என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாடாவும் பலகையுமாக ஏறினோம். கீழ் வாயில்கள் சிலவற்றை முடித்திருந்தபோது எனக்கு விசா வந்தது. வழியனுப்ப வந்தவர், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி, நீ கவலைப்படாமல் போய்வா என்றார். நான் அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கைகளின் திருமணம் நடந்தது. அப்பாவுக்கு வைத்தியம் நடந்தது. போயிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. ஆயினும் மெல்பர்னில் என் பணிக்காலம் முழுவதும் அந்நாட்டுப் பாலங்களுக்கு நான் வரைந்த படங்களில், நம் ஊர்க் கல் ஒன்றுகூட இடம்பெறவில்லை என்பதை நினைத்துக்கொள்ளும் நாட்கள் வயது ஏற ஏற அதிகமாகின்றன.

மீதியை அவர் உண்மையாகவே பார்த்துக்கொண்டார். அவர் மகள் எனக்குக் காட்டிய நோட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு வாயிலின் அகலமும் உயரமும், சுனைகளின் ஆழமும், மதில் இடிந்திருக்கும் இடங்களும் ஆண்டு வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. எனக்குப் பின் வந்த வகுப்புகளிலிருந்து நாடா பிடிக்க அழைத்துப்போன மாணவர்களின் பெயர்களை முதலெழுத்தாக மட்டும் ஓரத்தில் குறித்திருக்கிறார். தாள் பழுத்து உடையும் நிலையில் இருப்பதால், பக்கங்களை ஒளிவருடி எடுத்து ஒரு பிரதியைச் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க அவர் மகள் இசைந்திருக்கிறார். அதற்கான செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். உங்களில் அவரோடு அளக்கப் போனவர்கள், எந்த ஆண்டு, எந்த வாயில், உடன் வந்தவர் யார் என்பதைச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, அந்த முதலெழுத்துகளுக்கு உரிய முழுப் பெயர்களைப் பக்கம் பக்கமாக எழுதிச் சேர்த்துவிடலாம்.