எல்-ஜெட்ரானிக் காரின் ஏர்ஃப்ளோ மீட்டர்: பழுது தேடிய நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

கார் 1970களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின், போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் அமைப்பு). ஐடிலில் எஞ்சின் சீராக ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் தயக்கமின்றி இழுக்கிறது, ஆனால் சமதளச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் வைத்திருக்கும்போது மட்டும் வண்டி விட்டுவிட்டுக் குலுங்குகிறது. சற்றே கூட்டினாலும் குறைத்தாலும் குலுங்கல் நின்றுவிடுகிறது. எஞ்சின் சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இத்தகைய குறையைக் கேட்டவுடன் பெரும்பாலோர், எஞ்சின் இழுக்கும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரைத்தான் குறை சொல்வார்கள். எனக்கும் அதன்மேல்தான் சந்தேகம். ஆனால் அது முத்திரையிட்டு மூடப்பட்ட பாகம். நல்ல நிலையில் மாற்று கிடைப்பது அரிது. ஒருமுறை உள்ளே கைவைத்து ஸ்பிரிங்கின் இழுவிசையை மாற்றிவிட்டால் ஆலையில் அமைத்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். எனவே மற்றவை அனைத்தும் சரி என்று அளந்து உறுதிசெய்த பிறகே அதன் மூடியைத் தொடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

அளக்கத் தொடங்குமுன் மீட்டர் செய்யும் வேலையை எழுதி வைக்கிறேன்.

இதற்கு முந்தைய போஷ் அமைப்பான, 1967இல் வந்த டி-ஜெட்ரானிக்கில் காற்றை அளக்கும் கருவியே இல்லை. இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயமைப்பு) அழுத்தத்தை வைத்து எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று கணக்கிட்டார்கள். 1974இல் வந்த எல்-ஜெட்ரானிக் காற்றையே நேரடியாக அளந்தது. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தடுப்பு) இடையே ஓர் அலுமினியப் பெட்டி; அதற்குள், சுருள் ஸ்பிரிங்கின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு திறக்கும் ஒரு மடல். அதனோடு ஒரே வார்ப்பாக இன்னொரு மடலும் உண்டு. அது மூடிய அறைக்குள் அசைந்து, சிலிண்டர்கள் காற்றை இழுக்கும்போது எழும் துடிப்புகளைத் தணிக்கிறது. மடலின் அச்சில் பொருத்திய தொடுமுனை, பீங்கான் தகட்டின் மேலுள்ள கருநிற மின்தடைத் தடத்தில் உரசிக்கொண்டே நகர்கிறது. அந்த மின்னழுத்தத்தையும் எஞ்சினின் சுழற்சி வேகத்தையும் கொண்டு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எத்தனை மில்லிசெகண்டு திறந்திருக்க வேண்டும் என்று மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான கண்ட்ரோல் யூனிட் முடிவுசெய்கிறது.

மடலின் கோணம் காற்றின் அளவோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. மடக்கை முறையில் கூடுகிறது. அதாவது, காற்று ஒவ்வொரு முறை இருமடங்காகும்போதும் மடல் ஏறத்தாழ ஒரே அளவு கோணம்தான் நகர்கிறது. குறைந்த காற்றிலும் துல்லியம் கெடாமல் இருக்க இப்படி வடிவமைத்தவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் சீரான வேகப் பயணத்தில் தொடுமுனை ஆண்டுக்கணக்கில் தடத்தின் ஒரே குறுகிய பகுதியில் நின்று, எஞ்சின் அதிர்வில் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக உரசுகிறது. தேய்மானம் அங்கேதான் முதலில் வர வேண்டும். என் காரின் குலுங்கலும் அந்த நிலையில்தான் வருகிறது.

ஜூன் 8, சனி

மற்றவற்றைச் சோதித்த நாள்.

பெட்ரோல் அழுத்தம்: அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றியபோது 2.5 பார், ஹோஸை மாட்டி ஐடிலில் விட்டபோது எதிர்பார்த்தபடி குறைந்தது. வண்டி ஓடும்போதும் தெரியும்படி அழுத்தமானியை நீண்ட ஹோஸில் மாட்டிக்கொண்டு சென்றேன். குலுங்கல் வந்த நேரத்திலும் முள் அசையவில்லை. பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் மூன்றையும் இத்துடன் விட்டுவிடலாம்.

அளக்கப்படாமல் உள்ளே நுழையும் காற்று: இந்த அமைப்பில் மீட்டருக்குப் பின்னால் எங்கே விரிசல் இருந்தாலும் அந்தக் காற்றுக்குரிய பெட்ரோல் கிடைப்பதில்லை. மீட்டரையும் த்ராட்டிலையும் இணைக்கும் ரப்பர் குழாயின் மடிப்புகளைக் கையால் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்; வெடிப்பு இல்லை. ஐடிலில் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தவுடன் எஞ்சின் தடுமாறி நிற்கப் பார்த்தது. அப்படித் தடுமாறுவது நல்ல அறிகுறி. மூடியைத் திறந்தும் மாற்றமே தெரியாவிட்டால் வேறு எங்கோ ஏற்கனவே கசிவு இருக்கிறது என்று பொருள்.

கூலன்ட் வெப்ப சென்சார் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டியும் காட்ட வேண்டும், காட்டுகிறது. எர்த் வயர்களின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் முடுக்கினேன். குலுங்கல் அப்படியே இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மீட்டரைக் காரிலிருந்து கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். மடலை விரலால் தள்ளினால் எங்கும் சிக்காமல் திறந்து, விட்டவுடன் மெதுவாக மூடுகிறது. பேக்ஃபயர் (காற்றுக் குழாய்க்குள் கலவை வெடித்தல்) அடித்து வளைந்த மடல் பெட்டியின் சுவரில் உரசும். இங்கே அத்தகைய கீறல் எதுவும் இல்லை.

கனெக்டரின் பின்களில் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 36க்கும் 39க்கும் இடையே ஃப்யூவல் பம்புக்கான தொடர்பு: மடல் மூடியிருக்கும்போது துண்டித்தும், சற்றே திறந்ததும் இணைந்தும் இருக்கிறது. எஞ்சின் நின்றுபோனால் பம்பும் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. 6-8 இடையே 180 ஓம், 8-9 இடையே 100 ஓம். காற்று வெப்ப சென்சாரின் 27ஆம் பின்னும் சரியாகவே காட்டுகிறது.

இந்த எண்கள் எல்லாம் கையேட்டின் வரம்புக்குள் இருக்கின்றன. பலர் இங்கேயே மீட்டர் நல்லது என்று முடிவுசெய்து கண்ட்ரோல் யூனிட்டை மாற்றப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் 6, 8, 9 ஆகியவற்றுக்கு இடையே அளப்பதெல்லாம் அசையாத மின்தடைகளை மட்டுமே. தொடுமுனையின் நிலையைச் சொல்வது 7ஆம் பின். அதை மடல் நகரும்போதே பார்த்தாக வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர் இதற்குப் போதாது. அது வினாடிக்குச் சில முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிக்கிறது. அதற்கு நடுவே ஒரு கணம் தொடர்பு விட்டுப்போனால் திரையில் அதன் சுவடே தெரியாது.

ஜூன் 15, சனி

9ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் 9 வோல்ட் பேட்டரியின் நேர், எதிர் முனைகளைக் கொடுத்து, 7க்கும் 6க்கும் இடையே, மின்னழுத்தத்தின் மாற்றத்தைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்பை இணைத்தேன். மடலை மிக மெதுவாக, ஒரே வேகத்தில் திறந்தேன். கோடு சீராகச் சரிந்துகொண்டே வந்தது. மூன்றில் ஒரு பங்கு தூரத்தை எட்டும்போது செங்குத்தான முட்கள் பல தோன்றின. அந்த இடத்தைத் தாண்டியதும் கோடு மீண்டும் சுத்தமாயிற்று. மூடும்போதும் அதே கோணத்தில் அதே முட்கள். அந்தக் கோணத்தில் மடலை நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பெட்டியை இலேசாகத் தட்டினால், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முள் எழுகிறது. சாலையில் நடப்பது இதுதான்: எஞ்சின் அதிரும்போது தொடர்பு விட்டுவிட்டுப் போகிறது, கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தவறான காற்றளவு போய்ச் சேருகிறது, கலவை கெடுகிறது.

ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு முள் வகைப் பழைய மல்டிமீட்டரே போதும். தேய்ந்த இடத்தில் முள் துள்ளுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 16, ஞாயிறு

கறுப்பு பிளாஸ்டிக் மூடியைச் சுற்றியிருந்த பசையை மெல்லிய பிளேடால் அறுத்து எடுத்தேன். முதலில் பார்த்தது பல்சக்கரத்தை. ஸ்பிரிங்கின் இழுவிசையை அமைக்கும் அந்தச் சக்கரத்தின் மேல் ஆலையில் வைத்த பெயின்ட் அடையாளம் பிசகாமல் இருந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்கு உண்டான நிம்மதி பெரிது. சக்கரத்தை ஓரிரு பல் தளர்த்திக் கலவையைக் கெட்டியாக்கினால் (பெட்ரோலின் பங்கைக் கூட்டினால்) குலுங்கல் சற்று அடங்கியதுபோல் தோன்றும் என்பதால் பலர் அதைத் தளர்த்திவிடுகிறார்கள். ஆனால் அப்படிச் செய்யும்போது ஐடிலிலிருந்து முழு வேகம் வரை எல்லா நிலைகளிலும் அளவீடு பிழையாகிவிடும், தேய்ந்த தடமோ தேய்ந்தபடியே இருக்கும்.

பூதக்கண்ணாடியில் தடத்தைப் பார்த்தேன். தொடுமுனை ஓடிய வழி முழுவதும் மெல்லிய பளபளப்பு. முட்கள் தோன்றிய கோணத்தில் மட்டும், மாட்டுவண்டிச் சக்கரம் பதித்த தடம்போல் ஒரு குழி. அதற்கு இருபுறமும் உரசாத கருந்தடம் அகலமாக மிச்சம் இருக்கிறது.

தடத்தைத் தேய்ப்பதோ பென்சில் கரியால் நிரப்புவதோ கூடாது. தகட்டின் மின்தடைகள் ஆலையில் ஒவ்வொன்றாக அளவு திருத்தப்பட்டவை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் மட்டும் துடைத்தேன். பிறகு தொடுமுனையின் கையை நுண்ணிய இடுக்கியால் பிடித்து, ஆரத்தின் திசையில், வெளிப்புறமாக ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வளைத்தேன். திசை மிக முக்கியம். ஆரத்தின் வழியே நகர்த்தினால் முனை புதிய பரப்பில் ஓடும், கோணம் மாறாது. சுற்றுவழியில் சிறிது பிசகினாலும் மீட்டர் சொல்லும் காற்றளவே மாறிவிடும். வளைக்குமுன் மடல் மூடிய நிலையிலும் முழுதாகத் திறந்த நிலையிலும் 7ஆம் பின்னின் மின்னழுத்தத்தைக் குறித்து வைத்திருந்தேன். வளைத்த பிறகும் இரண்டும் அதே அளவில் நிற்கின்றன. தொடுமுனை தடத்தை அழுத்தும் விசையையும் கூட்டவில்லை. கூட்டினால் புதிய பரப்பு விரைவில் தேயும்.

ஆசிலோஸ்கோப்பில் மறுபடியும் பார்த்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோடு. பெட்டியைத் தட்டினாலும் முள் எழவில்லை.

ஜூன் 22, சனி

மூடியை நடுநிலை சிலிகோனால் ஒட்டி, முழுதாக உலரவிட்டு, மீட்டரைக் காரில் பொருத்தினேன். அசிட்டிக் அமில வாடை வரும் சாதாரண சிலிகோன் உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கக்கூடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

சைலன்சர் குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைச் செருகி ஓட்டிப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் வைத்தபோது கலவை விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று, எடையில்) 14.5ஐ ஒட்டி நிலையாக நின்றது. குலுங்கல் இல்லை. மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகத்தை வேண்டுமென்றே நெடுநேரம் பிடித்துப் பார்த்தேன், ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஐடிலில் கலவை மட்டும் சற்றுக் கெட்டியாக இருந்தது. அதற்கு மீட்டரின் வெளியிலுள்ள பைபாஸ் ஸ்க்ரூ இருக்கிறது. மடலைத் தொடாமல் செல்லும் சிறிதளவு காற்றை அது கட்டுப்படுத்துவதால் ஐடிலைத் தாண்டினால் அதன் விளைவு மிகக் குறைவு. வெளிப்பக்கமாகக் கால் சுற்று திருப்பியதும் ஐடிலும் சரியாயிற்று. 7ஆம் பின்னின் இரு மின்னழுத்தங்களையும் ஸ்க்ரூவின் தற்போதைய நிலையையும் மூடியின் மேல் அழியாத மையால் எழுதியிருக்கிறேன். அடுத்து இதைத் திறப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.