ஒத்துக்கொள்வதற்கு முன்

கலிஃபோர்னியாவில் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். சாண்டா கிளாரா கவுண்டியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தமிழில் வரும் அழைப்புகள் என்னிடம்தான் வரும். பெரும்பாலும் கடையில் நாமே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்கவுட்டில் ஒன்றிரண்டு பொருளை ஸ்கேன் செய்யாமல் வெளியே வந்து பிடிபட்ட மாணவர்கள். சில சமயம் மகள் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா.

இங்கே 950 டாலர் வரையிலான திருட்டு பொதுவாக மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். உச்ச தண்டனை ஆறு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும். முதல் தடவை சிக்கியவர் சிறைக்குப் போவது அபூர்வம். அந்த நிம்மதியிலேயே பலர் தடுமாறுகிறார்கள். "அக்கா, தப்புதான்னு ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்ல?" என்று கேட்பார்கள். ஊரில் யாருக்கும் தெரியாமல் முடிந்தால் போதும் என்ற தவிப்பு அது. கடையிலிருந்து வரும் நஷ்டஈட்டுக் கடிதத்துக்குப் பணம் கட்டிவிட்டு வழக்கு தீர்ந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. அது வேறு கணக்கு. கோர்ட் வழக்கு அப்படியேதான் இருக்கும்.

குடியுரிமை இல்லாதவருக்கு அந்த ஒரு ஒப்புதல்தான் ஆபத்து. 1996-இல் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டத்தின்படி, ஒருவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு, நீதிபதி ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால் அது தண்டனைத் தீர்ப்புதான். பிறகு மாநில நீதிமன்றமே வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் குடியேற்ற அதிகாரிகளின் கணக்கில் அது அழியாது. "நோ கான்டெஸ்ட்", அதாவது குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று சொன்னாலும் இதே கதிதான். திருட்டோ, ஒழுக்கக்கேடான குற்றங்களின் வரிசையில் வருவது. விசா புதுப்பிக்கும்போதும் கிரீன் கார்டு கேட்கும்போதும் எதிரே வந்து நிற்கும்.

ஆகவே எங்கள் சார் முதலில் தேடுவது, ஒத்துக்கொள்ளச் சொல்லாத வழியைத்தான். 2021 ஜனவரியிலிருந்து இங்கே சிறு குற்றங்களுக்கு நீதிபதியே டைவர்ஷன், அதாவது தீர்ப்பில்லாமல் வழக்கை முடிக்கும் வாய்ப்பு, கொடுக்கலாம். அரசுத் தரப்பு எதிர்த்தாலும் கொடுக்கலாம். வழக்கை 24 மாதம் வரை ஒத்திவைத்து, வகுப்புக்குப் போ, சமூக சேவை செய், அந்தக் கடைப் பக்கம் போகாதே என்று நிபந்தனை வைப்பார்கள். எல்லாம் முடித்தால் தள்ளுபடி. குற்றத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டியதில்லை. குடும்ப வன்முறை போன்ற சில வழக்குகளுக்கு இது கிடையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கும் கிடையாது.

எல்லா மாநிலங்களும் இப்படி இல்லை. டெக்சஸில் தீர்ப்பைத் தள்ளிவைக்கும் டெஃபர்டு அட்ஜுடிகேஷனில் முதலில் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது மறுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நியூஜெர்சி முனிசிபல் நீதிமன்றங்களின் நிபந்தனைத் தள்ளுபடியும் குற்றம் உறுதியான பிறகே கிடைக்கிறது. அமெரிக்கக் குடிமகனுக்கு இவை நல்ல வாய்ப்பு. எச்1பியில் இருப்பவருக்கு இது கருணை போலத் தெரியும் பொறி. கலிஃபோர்னியாவிலும் சிறு போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் கொடுமை இருந்தது. சட்டத்தை மாற்றி, 2018 ஜனவரியிலிருந்துதான் குற்றத்தை மறுத்துவிட்டே டைவர்ஷனில் சேரலாம் என்றார்கள். மற்ற மாநிலங்களும் அதைச் செய்ய வேண்டும். ஒரே தப்புக்கு ஒருவருக்கு வகுப்பு, இன்னொருவருக்கு நாடுகடத்தல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2010-இல் பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தப்படும் அபாயத்தை வழக்கறிஞர் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்து, வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர் அந்தப் பாடில்லா. தன் வழக்கறிஞர் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதை நம்பி ஒத்துக்கொண்டார். ஆகவே போன் செய்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விசா என்ன என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லுங்கள், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் பார்க்கும் வரை எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டைவர்ஷன் முடிந்ததும், கைதே நடக்காததாகக் கருதலாம் என்று சட்டம் சொல்லும். ஆனால் விசா படிவமும் குடியுரிமைப் படிவமும் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கும். அங்கே உண்மையைத்தான் எழுத வேண்டும். தள்ளுபடி உத்தரவின் சான்றளித்த நகல்களைக் கோர்ட்டில் வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.