சுண்டைக்காய் கால் பணம்: நானூறு டிரான்சிஸ்டரில் ஒரு செயலி

தனித்தனி டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 4 பிட் செயலி ஒன்றைக் கட்டுவதென்று முடிவுசெய்த அன்று நான் போட்ட செலவுக் கணக்கு 3,500 ரூபாயைத் தாண்டவில்லை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பிளாஸ்டிக் உறையிட்ட 2222 டிரான்சிஸ்டர் மொத்தமாக வாங்கினால் இரண்டு ரூபாய், 1என்4148 டயோடு அறுபது பைசா, கால் வாட் ரெசிஸ்டர் முப்பது பைசா; எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பதினொரு மாதம் கழித்துக் கணக்கு நோட்டை மூடியபோது கூட்டுத்தொகை 22,500 ரூபாயாக நின்றது. அதில் டிரான்சிஸ்டர், டயோடு, ரெசிஸ்டர், எல்இடி அனைத்துக்குமாக நான் கொடுத்தது 3,000 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். என் விஷயத்தில் சுண்டைக்காய் கால் பணத்தைக்கூட எட்டவில்லை.

வடிவமைப்பு எளிமையானதே. எல்லா உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டும் 0 தரும் சுற்றான நேண்ட் கேட் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், நான்கு டயோடு, மூன்று ரெசிஸ்டர். ஒரு பிட்டைக் கூட்டுவதற்கு ஒன்பது கேட்டுகளும், ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் ஃபிளிப்ஃபிளாப்புக்கு ஆறு கேட்டுகளும் வேண்டும். ரெஜிஸ்டர்கள் (எண்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ஃபிளிப்ஃபிளாப் வரிசைகள்), கூட்டி, கட்டுப்பாட்டுப் பகுதி, எல்இடிகளை எரியவைக்கும் பகுதி எல்லாம் சேர்த்து 412 டிரான்சிஸ்டர் வந்தது. டயோடு ஏறக்குறைய 1,600, ரெசிஸ்டர் 1,150. டிரான்சிஸ்டரைக் குறைத்து டயோடுகளை அதிகமாக வைப்பது பழைய உத்திதான். 1965இல் அமெரிக்காவின் டெக் நிறுவனம் வெளியிட்ட பிடிபி-8 கணினியில் டிரான்சிஸ்டர் சுமார் 1,400 தான். டயோடுகளோ 10,000க்கும் மேல். அந்தக் கணினி 20,000 டாலருக்குள் விற்கப்பட்டதற்கு அதன் பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பின்தளக் கம்பிகளை மனிதக் கைகளுக்குப் பதிலாக இயந்திரம் சுற்றியதும் ஒரு காரணம் என்று படித்தபோது, அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

எண்ணிப் பார்த்தபோதுதான் விளங்கியது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால், மற்றவற்றுக்கு இரண்டு கால் என்று கணக்கிட்டால், கனெக்டர்களை விட்டுவிட்டாலும் 6,700க்கு மேற்பட்ட சாலிடர் இணைப்புகள். 1950களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக் மார்ட்டன் ‘எண்ணிக்கையின் கொடுங்கோன்மை’ என்று குறிப்பிட்டது இதைத்தான். துளைகள் நிறைந்த டாட் போர்டில் கம்பி இழுத்து ஒரே ஒரு பிட் கூட்டியைக் கட்டுவதற்கே எனக்கு இரண்டு மாலைகள் பிடித்ததால், பிசிபி (இணைப்புகளைச் செம்பில் அச்சிட்ட பலகை) அடிக்கக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றானது. பதினொரு பலகைகளுக்கு 8,600 ரூபாய் ஆனது. பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெர்க் ஸ்ட்ரிப் என்ற ஊசி வரிசைகளும் ரிப்பன் கேபிளும் 3,400 ரூபாய். ஆக, டிரான்சிஸ்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு நான் கொடுத்த விலை, பின்னால் வாங்கியதையும் சேர்த்து 600 டிரான்சிஸ்டர்களின் விலையைப் போலப் பத்து மடங்கு.

பெரிய அடி ஏழாம் மாதத்தில் விழுந்தது. முதலில் வாங்கிய 300 டிரான்சிஸ்டர்கள் தீரும் தறுவாயில், வேறொரு கடையில் மேலும் 300 வாங்கினேன். ‘2222 பிளாஸ்டிக்’ என்று கேட்டேன், அதையே கொடுத்தார்கள். மூன்று ரெஜிஸ்டர் பலகைகளில் 126 டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்தேன். பலகைகளைத் தனியே சோதித்தபோது பெரும்பாலான கேட்டுகள் ஒழுங்காக வேலை செய்தன. கூட்டிப் பலகையோடு இணைத்தவுடன் பிட்டுகள் இஷ்டத்துக்கு மாறின. இரண்டு வாரம் மின்வழங்கியையும் கடிகாரத் துடிப்பையும் சந்தேகித்த பிறகு, பூதக்கண்ணாடியில் எழுத்துகளைப் படித்தேன். பழையவை பிஎன்2222ஏ, புதியவை பி2என்2222ஏ. நடுவில் நுழைந்த அந்த ஒரு ‘2’ கால்களின் வரிசையையே திருப்பிவிடுகிறது: முன்னதில் எமிட்டர் என்ற கால் இருக்கும் இடத்தில் பின்னதில் கலெக்டர் என்ற கால். தலைகீழாகப் பொருத்தப்பட்ட டிரான்சிஸ்டர் செத்துப்போவதில்லை என்பதுதான் கொடுமை. மீட்டரில் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்இ துளையில் சரியாகச் செருகினால் 200ஐ ஒட்டிக் காட்டியது, திருப்பிச் செருகினால் 6 அல்லது 7 காட்டியது. அந்தச் சொற்பப் பெருக்கத்தில் ஒரு கேட், தனக்கு அடுத்துள்ள ஒரே ஒரு கேட்டை இழுத்துத் தாக்குப்பிடிக்கும். இரண்டாவதைச் சேர்த்தால் விழுந்துவிடும். பழியைக் கடைக்காரர் மேல் போட முடியாது. கேட்டதும் நான், படிக்காததும் நான்.

126 டிரான்சிஸ்டர்களைக் கழற்றும்போது செம்புத் திட்டுகள் உரிந்து வந்ததால், மூன்று பலகைகளையும் 2,900 ரூபாய்க்கு மீண்டும் அடிக்கக் கொடுத்தேன். மீதமிருந்த புதிய டிரான்சிஸ்டர்களை அவற்றில் தட்டை முகம் எதிர்த்திசையைப் பார்க்கும்படி பொருத்தினேன். பார்ப்பவர்கள் இன்றும் அது தவறென்று சுட்டிக்காட்டுகிறார்கள்.

மீதிச் செலவில் சொல்வதற்கு அதிகம் இல்லை. சாலிடர், ஃபிளக்ஸ், உறிஞ்சும் பின்னல், முனைகள் ஆகியவற்றுக்கு 1,900; எஸ்எம்பிஎஸ் மின்வழங்கி, சுவிட்சுகள், அக்ரிலிக் தகடு, திருகுகளுக்கு 2,700. மின் சைகைகளைத் திரையில் காட்டும் பழைய ஆஸிலாஸ்கோப் ஒன்றை 12,000 ரூபாய்க்கு வாங்கியதை நோட்டில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் நியூமன் 2016இல் முடித்த மெகாபிராசசர் என்ற தனித்தனி டிரான்சிஸ்டர் செயலியில் டிரான்சிஸ்டர்கள் 42,300. செலவு சுமார் 40,000 பவுண்டு, அதாவது ஒரு டிரான்சிஸ்டருக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டு. என்னுடையது டிரான்சிஸ்டருக்கு 55 ரூபாய் என்று வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் உதிரிபாகங்களின் விலைப்பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, டிரான்சிஸ்டர் எண்ணிக்கையை இத்தகைய ஒரு தொகையால் பெருக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

செயலி இப்போது ஓடுகிறது. 5 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் எடுத்துக்கொண்டு, 80 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்குகிறது. நான் பெரும்பாலும் நொடிக்கு ஒரு துடிப்பு என்று வைத்து எல்இடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிரல் இருப்பது ஒரு டயோடு அணியில். 16 இடங்கள் கொண்ட தரவு நினைவகம் ஒன்றையும் சேர்க்க ஆசைதான். அதற்கு 64 ஃபிளிப்ஃபிளாப், 384 டிரான்சிஸ்டர், விலை 768 ரூபாய். 55ஆல் பெருக்கினால் 21,120. இப்போதைக்கு அந்த இடத்தில் நான்கு டாகிள் சுவிட்சுகள் இருக்கின்றன.