பென்சில்வேனியாவில் ரேடான் சான்றிதழ்: வாங்கியதும் கட்டிக்காப்பதும்

பென்சில்வேனியாவில் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்க வேண்டுமென்றால் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் சான்றிதழ் வேண்டும். டிஇபி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அளந்தபின் அந்த வாயுவை வெளியேற்றும் குழாயும் ஃபேனும் பொருத்த இன்னொரு சான்றிதழ். மாதிரிகளைச் சோதிக்கும் லேபுக்கு மூன்றாவது வகை. அமெரிக்காவில் சில மாநிலங்களில்தான் இந்தக் கட்டாயம் உண்டு. நான் முதல் இரண்டையும் வாங்கி, விடாமல் புதுப்பித்து வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் நம்மவர்கள் சிலர் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்துகொண்டே வரும்போது வழியில் உண்டாகும் வாயு. நிறமில்லை, வாசனையில்லை. பேஸ்மென்ட் தளத்து விரிசல், அடியில் ஊறும் நீரைச் சேர்க்கும் சம்ப் குழி, தளமும் சுவரும் சேரும் இடுக்கு என்று கிடைத்த வழியில் ஏறிவரும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே போகப் போக, கீழே மண்ணிலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. அதனால் அப்போது அளவு கூடும். இதனால் வரும் நுரையீரல் புற்றுநோயில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இறப்பதாக மத்தியச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏ கணித்திருக்கிறது. லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது. பென்சில்வேனியா வீடுகளில் சுமார் 40 சதவீதம் அந்த அளவைத் தாண்டும் என்பது டிஇபி சொல்லும் கணக்கு.

சட்டம் இங்கே இவ்வளவு சீக்கிரம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1984 கடைசியில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சு கண்டறியும் வாசலில் நின்றபோதெல்லாம் அலாரம் அடித்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியே தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால் கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து உடையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பாயர்டவுன் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் சுமார் 2,700 பிக்கோகியூரி. 1987-இல் மாநிலம் சான்றிதழ்ச் சட்டம் கொண்டுவந்தது. இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2014-இல் லீஹை மாவட்டத்தில் சென்டர் வேலி வீடு ஒன்றில் 3,715 வந்தது. நான் வேலை செய்வதும் அந்தப் பக்கம்தான்.

முதல் படி, துறை அங்கீகரித்த பாடநெறியும் தேர்வும். இயற்பியல் படித்தவர்களுக்குப் பாடம் கஷ்டமில்லை. அலகுகளை மட்டும் கையில் ரத்தம் கட்டும் அளவுக்குப் போட்டுப் பழகுங்கள். ரேடானுக்கு பிக்கோகியூரி, அது சிதைந்து உருவாகும் பொருள்களுக்கு வொர்க்கிங் லெவல். இரண்டையும் இணைப்பது சமநிலை விகிதம். எட்டு பிக்கோகியூரி, விகிதம் 0.5 என்றால், இரண்டையும் பெருக்கி நூறால் வகுக்க 0.04 வொர்க்கிங் லெவல். இந்த மாதிரிக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எங்கே கருவியை வைக்கலாம் என்பதும் நிறைய வரும்: தரையிலிருந்து குறைந்தது 20 அங்குலம், ஜன்னலிலிருந்து 3 அடி, குறுகிய காலச் சோதனை என்றால் 48 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, அதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே கதவு ஜன்னல் மூடியிருக்க வேண்டும்.

தேர்வு முடிந்தது, சான்றிதழ் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அளப்பவருக்கான விண்ணப்பத்தின் உயிரே தர உறுதித் திட்டம்தான், அதாவது நம் அளவைகள் சரிதானா என்று விடாமல் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு. நான் அதிக நேரம் செலவழித்ததும் அதில்தான். நான் ரேடானை ஈர்த்துப் பிடிக்கும் கரி அடைத்த கேனிஸ்டரும், மணிக்கு மணி பதிவு செய்யும் மின்னணு மானியும் பயன்படுத்துகிறேன். கேனிஸ்டர் என்றால் பத்துக்கு ஒன்று ஜோடி வைக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேரம் திறந்து ஒரே நேரம் மூடி. நூற்றுக்கு ஐந்தை வீட்டுக் காற்றே படாமல் மூடியபடியே அனுப்ப வேண்டும், ஆனால் லேபுக்கு அது வெற்று டப்பா என்று தெரியக் கூடாது. நூற்றுக்கு மூன்றை, அளவு தெரிந்த ரேடான் அறையில் வைத்து எடுத்து, சாதாரண மாதிரியோடு கலந்து அனுப்ப வேண்டும். ஜோடி முடிவுகளின் சராசரி 4-ஐத் தாண்டும்போது வித்தியாசம் 28 சதவீதத்துக்கு மேல் போனால் எச்சரிக்கை, 36-க்கு மேல் போனால் அளவையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இதையெல்லாம் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பலருக்கும் இது வீண் செலவாகத் தெரியும். கரி டப்பாவும் லேபும் காசு. அதற்கு வாடிக்கையாளர் தரப்போவதில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியாத வாயுவை அளக்கிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வருகிறார், ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த எண் சரியா என்று வீட்டுக்காரர் எதை வைத்துப் பார்ப்பார்? அந்த வெற்று டப்பாவும் ஜோடி டப்பாவும்தான் அவருக்காகப் பேசும் சாட்சி. ரேடானின் அரைவாழ்வு 3.8 நாள், மூடிய கேனிஸ்டரை உடனே லேபுக்கு அனுப்பாமல் காரில் போட்டு வைத்தால் முடிவே மாறிப்போகும். அதற்காகவே வேலை நாளை அஞ்சல் நேரத்தைப் பார்த்து அமைத்துக்கொள்கிறேன்.

மணிக்கு மணி பதிவு செய்யும் மானியின் அருமை வீடு விற்கும் நேரத்தில் தெரியும். ஒரு வீட்டில் பகல் முழுக்க ஐந்தை ஒட்டி நின்ற எண் இரவு பத்து மணிக்கு மேல் மளமளவென்று ஒன்றுக்கு இறங்கி, விடிந்ததும் பழையபடி ஏறியது. பேஸ்மென்ட் ஜன்னலை யாரோ திறந்திருக்கிறார்கள் என்பது வரைகோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. விற்பனையைக் கவனித்த முகவர் சராசரி நான்குக்குக் கீழ்தானே, அதையே எழுதிக் கொடுங்கள் என்றார். முடியாது, சோதனை செல்லாது என்று எழுதிக் கொடுத்து, மூடிய ஜன்னலுடன் மறுபடி வைத்தேன். அடுத்த வாரம் வந்த சராசரி நான்குக்கு மேல். அந்த முகவர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டை வாங்கியவர்களுக்குக் கைக்குழந்தை இருந்தது.

சரி, வெளியேற்றும் வேலைக்கு வருவோம். இங்கே காகிதத்தைவிடக் கைவேலை முக்கியம். தளத்தில் ஒரு துளை போட்டு, வலுவான வேக்குவத்தை அதில் வைத்து இழுப்போம். பிறகு தூரத்து மூலைகளில் சிறு துளைகள் போட்டு, கான்க்ரீட்டுக்கு அடியில் அழுத்தம் குறைகிறதா என்று நுண் மானோமீட்டரில் பார்க்க வேண்டும். அடியில் சரளைக்கல் இருந்தால் ஒரு துளையிலேயே வீடு முழுக்க இழுவை போய்ச் சேரும். இறுகிய களிமண் என்றால் நான்கு அடி தள்ளிப் போனாலே ஒன்றும் அசையாது; அப்போது இரண்டாவது, மூன்றாவது இழுப்பிடம் வேண்டும். இதைப் பார்க்காமல் வாய்ப்பான மூலையில் ஒரு குழாய் இறக்கிப் பெரிய ஃபேன் மாட்டுவது தொழிலே இல்லை. ஃபேன் பேஸ்மென்டுக்குள் இருக்கக் கூடாது. குழாயில் கசிந்தால் செறிந்த ரேடான் நேரே வீட்டுக்குள் வரும். மேல்மாடப் பரணிலோ வெளிச்சுவரிலோ வைத்து, கூரைக்கு மேலே விட வேண்டும். எரிவாயு ஹீட்டர் இருக்கும் வீட்டில் நம் இழுவையால் அதன் புகை உள்ளே திரும்புகிறதா என்றும் பார்த்தே ஆக வேண்டும். ரேடானைக் குறைக்கப் போய்க் கார்பன் மோனாக்சைடை உள்ளே விட்டால் அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

ஃபேன் ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள் மறு சோதனை. நான் என் வேலையை இன்னொரு சான்றிதழ் பெற்றவரை வைத்து அளக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் எப்போதும் வற்புறுத்துவேன்.

இனி கட்டிக்காப்பது. செய்த ஒவ்வொரு அளவையும், பொருத்திய ஒவ்வொரு அமைப்பும் 45 நாளுக்குள் டிஇபிக்குப் போக வேண்டும். மானியை ஆண்டுதோறும் அளவு திருத்தத்துக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை கையில் மாற்றுக் கருவி வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிற்கும். தொடர்கல்வி வகுப்புகளை முடித்த சான்று இல்லாமல் புதுப்பிக்க முடியாது. குழாய் இறக்கும் ஆட்கள் எவ்வளவு நேரம் எந்த அளவு ரேடானில் நின்றார்கள் என்ற பதிவையும் வைத்திருக்க வேண்டும். பேஸ்மென்டில் தளம் உடைக்கும்போது முதலில் மூச்சிழுப்பது அவர்கள்தான் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃபேன் ஓடாமல் துளை போட ஆரம்பிப்பதில்லை.

புதிதாக வருபவர்கள் அளக்கும் சான்றிதழை முதலில் வாங்கி, ஒரு குளிர்காலமாவது வீடு வீடாக அளந்துவிட்டு அப்புறம் குழாய் வேலைக்கு வாருங்கள். முடிந்தால் அனுபவமுள்ள ஒருவரிடம் சேர்ந்து களிமண் தளம், கல் அஸ்திவாரம், சம்ப் குழி மூன்றையும் நேரில் பாருங்கள். வீட்டுக்கு ஆள் கூப்பிடுபவர்கள் விலையைக் கேட்கும் முன் சான்றிதழ் எண்ணைக் கேட்டு, துறையின் பட்டியலில் அது நடப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஜோடிச் சோதனை வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள். முறையாகச் செய்பவர் உடனே எடுத்துக் காட்டுவார்.