மயிலாடியில் ஒரு ஞாயிறு

எங்கள் சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு, அதாவது தென்னிந்தியத் திருச்சபையாருக்கு, யாத்திரை என்று பெரிதாக எதுவும் கிடையாது. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாலையோரம் நின்று தண்ணீர் கொடுப்போம், அவ்வளவுதான். புனிதர்களின் கல்லறை, திருப்பண்டம் இதெல்லாம் நம் வழக்கம் இல்லை என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் மயிலாடிக்கு யாத்திரை போகலாம் என்று நான் சொன்னதும் தங்கையின் கணவர் சிரித்தார். "மச்சான், அங்க சிலைதான செய்வாங்க?"

அவர் சொன்னதும் உண்மைதான். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் வழியாகப் போனால் மயிலாடி வருவதற்கு முன்பே உளிச் சத்தம் வந்துவிடும். ரோட்டோரக் கொட்டகைகளில் பாதி செதுக்கிய பிள்ளையார்கள், முகம் இன்னும் திறக்காத அம்மன்கள். அந்த ஊரில்தான் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் இருக்கிறது. தென் திருவிதாங்கூர் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்குத் தாய்வீடு அது.

வேதமாணிக்கத்தின் பழைய பெயர் மகாராசன். பெயரில் மட்டும்தான் ராசன். சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர், அந்தக் காலத் திருவிதாங்கூரில் கோயில் தெருவில்கூடக் கால் வைக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். போன இடத்தில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கியபோது, கோலாஃப் என்ற போதகரின் பிரசங்கத்தைக் கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பிச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். அடியும் மிரட்டலும் கிடைத்தன. பிறகு அவர் தேடிப்போய் அழைத்த மிஷனரிதான் ரிங்கல்தௌபே. பிரஷ்யக்காரர், 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, கூடவே ஒரு பள்ளியும். இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான்.

ரிங்கல்தௌபே கொஞ்சம் கிறுக்கு என்று கூட வந்த வெள்ளைக்காரர்களே நினைத்தார்கள். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கிழிந்த உடுப்போடு திரிவாராம். எனக்கு அவர் செய்ததில் பெரியதாகத் தெரிவது வேறு. 1816இல் ஊரை விட்டுப் போகும்போது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி வரும்வரை அத்தனை சபைகளையும் நடத்தியது, சுசீந்திரம் தேரோடும் வீதியில் நடக்க உரிமையில்லாத ஒரு மனிதர். அதை அன்றைக்கு யாரும் அரசியல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வேறு என்ன அது?

நாங்கள் போன அன்று திருவிருந்து ஆராதனை. ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பத்துக் கட்டளைகளை வாசித்துக்கொண்டு போனார். எத்தனை வருடமாகக் கேட்கிற வாசகம்! ஓய்வுநாள் கட்டளையில் வந்து என் மனசு நின்றுவிட்டது. "உன் வேலைக்காரனானாலும், உன் வேலைக்காரியானாலும்" யாதொரு வேலையும் செய்யவேண்டாம் என்று வருகிறதே, அதை ஒரு அடிமை முதல்முறை கேட்டால் எப்படி இருந்திருக்கும்? அப்போது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் உழைக்கும் ஊழிய வேலை என்று ஒன்று இருந்தது. கூப்பிட்டால் போக வேண்டும், ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். மன்றோ ரெசிடெண்டாக, அதாவது திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழிய வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று விலக்கு வந்தது. வாரத்தில் ஒருநாள் உடம்பு தனக்கே சொந்தம். தொழிற்சங்கம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் கிடைத்த வார விடுமுறை அது.

நற்கருணை வாங்க முழங்கால்படியிட்டபோது, எனக்குப் பக்கத்தில் ஒரு கல்தச்சர். நீட்டிய கையில் நகக்கண்ணிலும் ரேகைகளிலும் வெள்ளையாகக் கல்தூள், எத்தனை கழுவினாலும் போகாது போல. ஒரே அப்பம், ஒரே பாத்திரம். தீட்டு பார்த்த நாட்டில் இந்த வரிசையில் முழங்கால் போட்டதற்கே ஊர் கொதித்திருக்கும். ஆண்டவரே, இந்த வரிசையை இங்கே கொண்டுவந்ததற்கு ஸ்தோத்திரம் என்று மட்டும் ஜெபித்தேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "எங்கேருந்து வாறீங்க மக்களே?" சொன்னோம். வேதமாணிக்கத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது, அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "சாதியச் சொல்லி அடிக்கும்போது நாங்க சாம்பவருதான். சர்டிபிகேட்டு கேட்டா மட்டும் கிறிஸ்தவன் ஆயிருதோம்." 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைத்தான் சொல்கிறார். இந்துக்களுக்கு மட்டும் என்று அது வைத்த பட்டியல் சாதி என்ற தகுதி சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் நீட்டிக்கப்பட்டது. கிறிஸ்தவரான தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை, தமிழ்நாட்டில் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

காரில் ஏறியதும் மச்சான் ஆரம்பித்தார். "கும்பிட வந்த இடத்துல இதெல்லாம் எதுக்கு? சபை ஆத்துமாவப் பாக்கணும். அரசியல அரசியல்வாதி பாக்கட்டும்." நான் பதில் சொல்லவில்லை. வண்டியை நாகர்கோவில் கஸ்பா சபைக்கு விடச் சொன்னேன்.

1819 ஜனவரி 1ஆம் தேதி அடிக்கல் நாட்டி, மிஷனரி சார்ல்ஸ் மீட் காலத்தில் கட்டிய ஆலயம். உள்ளே நுழைந்தால் வெயில் மறந்துபோகிற குளிர்ச்சி. தங்கை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் கண்மூடியிருந்தாள். இந்த ஆலயத்துக்கு வந்த பெண்கள், மேலாடை உடுத்த உரிமையில்லாத சாதிகளில் பிறந்து, குப்பாயம் என்ற ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்ததற்காகச் சந்தையில் அடிவாங்கியவர்கள். மேலாடை கிழிக்கப்பட்டது, ஜெபவீடுகளும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1822இல் பிடித்த நெருப்பு 1859 ஜூலை 26இல் மகாராஜா ஆணை போடும்வரை அணையவில்லை. அந்த ஆணையும் அரைகுறைதான். சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலே உடுத்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி 1847இல் மகாராஜாவுக்கு மனு கொடுத்தவர்களும் மிஷனரிகள்தான், 1855இல் அதற்கு ஆணை வந்தது. கிறிஸ்தவர்கள் மட்டுமே போராடினார்கள் என்றும் சொல்லக் கூடாது. மயிலாடிக்குப் பக்கத்திலேயே சாமித்தோப்பு. தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடுங்கள் என்று சொன்ன அய்யா வைகுண்டர் அங்கேதான் இருந்தார்.

"இப்ப சொல்லுங்க மச்சான், ஜாக்கெட் ஆத்துமாவா அரசியலா?" என்றேன். அவர் வக்கீல் மாதிரி யோசித்து, "அது அந்தக் காலம்" என்றார்.

சபையின் கதை முழுக்க வெளிச்சம் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. இதே மீட், மனைவி இறந்தபின் பறையர் சமூகத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண்ணை மணந்தபோது சக மிஷனரிகளே எதிர்த்தார்கள். அவர் மிஷனை விட்டு விலகி, திருவிதாங்கூர் அரசில் பள்ளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. சமத்துவம் பிரசங்கித்தவர்களால் ஒரு கல்யாணத்தைத் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் சபைத் தேர்தல் வந்தால் எந்தெந்த ஓட்டு எங்கே விழும் என்று வாசலில் நின்றே கணக்குப் போடுகிறோமே! "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்ற மரியாளின் பாட்டைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்களில் ராகமாகப் பாடுவோம். ஆசனம் என்பது கமிட்டி நாற்காலியும்தான் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகஸ்ட் 10, அந்த 1950 ஆணை வந்த தேதி. தலித் கிறிஸ்தவர்கள் அதைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வாருங்கள் என்று திரும்பும் வழியில் மச்சானைக் கூப்பிட்டேன். பார்க்கலாம் என்றார், அப்படியென்றால் வரமாட்டார். தங்கை பின்சீட்டிலிருந்து, எத்தனை மணிக்கு, மதியச் சாப்பாடு அங்கேயே உண்டா என்று கேட்டுக்கொண்டாள்.